ஏழாவது தடம்

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில்
இரவு பத்து நாற்பதுக்கு
ஏழாவது தடத்தில் ஒரு குதிரை வந்து நின்றது.

வெள்ளை. நெற்றியில் ஜிகினாப் பட்டம்.
முதுகிலிருந்து நழுவிய சிவப்பு வெல்வெட்
பாதி கிழிந்து தாரில் இழுபட,
மேலே ஆள் இல்லை.
டேக் படிக்கவில்லை என்றது திரை.

இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி,
முன்னால் ஒற்றைத் தடுப்பு.
காதுகளை முன்னே நீட்டி
பின்தொடை இறுகி
அது நேராக நின்றது.
ஒன்பது வருஷத்தில் எந்த வண்டியும்
என் தடத்தில் இவ்வளவு ஒழுங்காக நின்றதில்லை.

பின்னால் ஒரு சிமெண்ட் லாரி,
அதற்கும் பின்னால் தக்காளி ஏற்றிய ராயக்கோட்டை வண்டி.
ஹாரன்.
அது மிரளவில்லை.
தடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தது.

என் விரல் பட்டன்மேல்.
அமுக்கினால் பாயும் என்று எனக்குத் தெரியும்.
எப்படி என்று கேட்காதீர்கள்.

சரி, கேளுங்கள்.
போன ஆடிவரைக்கும்
கைபேசியில் பெங்களூர்ப் பந்தயம் பார்த்தவன் நான்.
ஐந்நூறு, ஆயிரம்,
ஒருமுறை தங்கையின் கல்லூரிக் கட்டணம்.
கதவுகள் திறக்கும் அந்த நொடியை
மெதுவாக்கி மெதுவாக்கிப் பார்த்திருக்கிறேன்.
கடைசி இருநூறு மீட்டரில்
"அடிடா, அடிடா அதை" என்று
இதே கூண்டுக்குள் கத்தியிருக்கிறேன்.
மீதிச் சில்லறைக்குக் கைநீட்டிய கார்க்காரர்
"யாரை?" என்றார்.

ஒரு புதன்கிழமை
வளைவில் ஒன்று முன்னங்கால் மடங்கி விழுந்தது.
பச்சைத் திரை கொண்டுவந்து மறைத்தார்கள்.
திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று
நான் யாரையும் கேட்கவில்லை.
பணம் திரும்புமா என்று கேட்டேன்.

இம்தாதுல்லா ஓடிவந்தான்,
ஒரு காலில் செருப்பில்லாமல்.
"மண்டபத்துல பத்தாயிரம் வாலா கொளுத்திட்டாங்க சார்,
பொண்ணு வீட்டுக்காரங்க.
மாப்பிள்ளை இன்னும் ஏறக்கூட இல்ல."
பிறகு, நான் கேட்காமலே,
"நாலு வருஷம் ரேஸ் ஓடுனது.
கால் நரம்பு போச்சு, முப்பத்தெட்டாயிரத்துக்குத் தள்ளிட்டாங்க.
நான் நல்லாத்தான் வெச்சிருக்கேன் சார்,
கொள்ளு போடறேன்."
கழுத்துத் தோலுக்கடியில் சிப் இருக்கிறதாம்.
தாய் யார், தகப்பன் யார், பிறந்த தேதி,
எல்லாம் அதில்.
எங்கள் கேமராவுக்கு அது படிக்கத் தெரியாது.

பேர்?
"அங்க என்னமோ இங்கிலீஷ்ல இருந்துச்சு.
நான் சும்மா, டேய்னு கூப்பிடுவேன்."

கயிற்றைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தான்.
நாலு குளம்பும் தாரில் ஊன்றிக்கொண்டன.
"ரிவர்ஸ் வராது சார் இதுக்கு.
பின்னால ஏத்துவாங்க, முன்னால திறப்பாங்க.
அவ்ளோதான் கத்துக்குடுத்தது."

லாரியிலிருந்து யாரோ
"ஒண்ணு போடுய்யா, நகரும்" என்றார்.
என் குரல் மாதிரியே இருந்தது.

மாப்பிள்ளைக்குக் கட்டவேண்டிய தலைப்பாகையை உதறி
இம்தாதுல்லா அதன் கண்களைக் கட்டினான்.
தாடைக்கடியில் கை கொடுத்தான்.
என்னைப் பார்த்துத் தலையசைத்தான்.

தடுப்பு உயர்ந்தது.

ஓடவில்லை.
விலாவில், வழக்கமாகச் சாட்டை இறங்கும் இடத்தில்,
தோல் மட்டும் துடித்தது.
ஒருதரம். இன்னொருதரம்.
அடி வந்தால்தான் அடுத்தது தெரியும் என்பதுபோல
நின்றுகொண்டே இருந்தது.
தக்காளி வண்டிக்காரர்கூட
ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

அப்புறம் ஒரு காலை எடுத்துவைத்தது,
இடது முன்னங்காலை,
நொண்டிக்கொண்டு.
கதவு திறந்த பிறகும் நடக்கலாம் என்று
அதற்கு யாரும் சொன்னதில்லை போல.

கணினி என்ன ரகம் என்று கேட்டது.
கார், இலகு ரகம், பேருந்து, மூன்று அச்சு.
விலக்கு என்றொரு பட்டன் உண்டு,
ஆம்புலன்சுக்கும் அமைச்சர்களுக்கும்.
அதை அமுக்கினேன்.
காரணம் எழுதும் கட்டத்தில்
அவசரம் இல்லை என்று அடித்தேன்.

மறுநாள் மேலாளர் விளக்கம் கேட்டார்; அது வேறு கதை.

போகும்போது இம்தாதுல்லா சொன்னான்,
வெள்ளிக்கிழமை காவேரிப்பட்டணத்தில்
இன்னொரு முகூர்த்தம்.
வெடி வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கிறானாம்.
முன்பணம் வாங்கியாகிவிட்டதாம்.